1956 ஜான்சன் சீஹார்ஸ் 5.5: முழுக்கப் பிரிக்கலாமா, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரிக்கலாமா?

கயிற்றிழுப்பு

வணக்கம். இவ்வளவு காலம் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் கையில் வந்துவிட்டது. ஜான்சன் சீஹார்ஸ், படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார், 5.5 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கிளாம்ப் பக்கத்தில் உள்ள தகட்டில் சிடி-13 என்று பொறித்திருக்கிறது. அதை வைத்துத் தேடியதில் 1956 மாடல் என்று வருகிறது. இரட்டைக் குழாய் வைத்த பழைய பெட்ரோல் டேங்க்கும் கூடவே கிடைத்தது.

நிலைமை: பிளைவீல் (மேலே உள்ள கனமான சுழல்சக்கரம்) கையால் சுற்றுகிறது. ஸ்டார்ட்டர் கயிறு இற்றுப்போயிருக்கிறது, பாதிக்கு மேல் இழுக்கப் பயமாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் ஒட்டிவைத்துச் சுற்றினால் இரண்டிலும் கரன்ட் இல்லை. கியர் பெட்டியில் இருந்து இறங்கிய ஆயில் கறுப்பாக இருந்தது, தண்ணீர் புகுந்ததற்கான வெளுப்பு இல்லை. மேல்மூடியில் பெயின்ட் மங்கிப்போய், ஸ்டிக்கர் எழுத்து பாதிதான் தெரிகிறது.

கடைசி நட்டு வரைக்கும் பிரித்து, மணல் வீசிச் சுத்தம் பண்ணி, பெயின்ட் அடித்து, புது கேஸ்கெட், புது சீல் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மேக்னெட்டோ_முனி

ஸ்பேனரைக் கீழே வையுங்கள் முதலில்.

சுற்றுகிற இன்ஜினை ஓட்டிப் பார்க்காமல் பிரிக்காதீர்கள். 1956-இல் போட்ட இரும்பு போல்ட் அலுமினிய உடம்பில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு உலோகமும் நீரும் சேர்ந்தால் அரிப்பு வரும், அந்த வெள்ளைப் பொடி மரைக்குள் அடைத்துக்கொண்டு போல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். பிறகு துளை போட்டு, டேப் போட்டு, புது மரை வைத்து என்று போகும் வேலை, இன்ஜினை ஓட வைக்கிற வேலையைவிடப் பெரிது. தேவை இல்லாத ஒவ்வொரு போல்ட்டும் நீங்களாகப் போய் அழைத்துவரும் வம்பு.

முதலில் இரண்டு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சுற்றிவிட்டு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். கேஜில் என்ன எண் வருகிறது என்று அலட்டிக்கொள்ள வேண்டாம், அந்தக் கேஜ்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சிலிண்டர் தலையைக் கழற்ற வேண்டாம்.

அடுத்து கரன்ட். அதற்கு பிளைவீலை எடுத்தாக வேண்டும். அதன்பிறகு பெட்ரோல், அதன்பிறகு தண்ணீர். பெயின்ட் எல்லாம் கடைசி. ஓடாத இன்ஜினுக்கு அடித்த பெயின்ட்டை, பிறகு ரிப்பேருக்குக் கழற்றும்போது நீங்களே சுரண்டுவீர்கள்.

துடுப்பே_துணை

மணல் வீசுவதைப் பற்றி ஒன்று மட்டும். மேல்மூடிக்குச் செய்யலாம். இன்ஜின் பிளாக், கியர் பெட்டி பக்கம் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் வழிக்குள்ளும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பக்கமும் ஒரு மணல் போனால் போதும், பேரிங்கைத் தின்றுவிடும். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் மறக்க வேண்டாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

கயிற்றிழுப்பு

நன்றி முனி சார். கம்ப்ரஷன் பார்த்தேன், இரண்டும் அநேகமாக ஒன்றேதான். தலையைத் தொடவில்லை. பிளைவீல் நட்டைக் கழற்றிவிட்டேன், ஆனால் பிளைவீல் அசையவே இல்லை. மூன்று கொக்கி வைத்த புல்லர் ஒன்று இருக்கிறது, விளிம்பில் மாட்டி இழுக்கலாமா?

மேக்னெட்டோ_முனி

வேண்டவே வேண்டாம். விளிம்பில் இழுத்தால் பிளைவீல் வளையும், உள்ளே காந்தமும் விரிசல் விடலாம். நடுவில் மூன்று மரைத் துளை இருக்கும், பாருங்கள். அதில் போல்ட் போட்டு இழுக்கிற தட்டை வகை புல்லர்தான் சரி. கழற்றிய நட்டை, கிராங்க் நுனியோடு சமமாக வரும்வரை திரும்ப மாட்டி வைத்துவிடுங்கள், மரை காப்பாற்றப்படும். புல்லரை நன்றாக இறுக்கிவிட்டு, புல்லர் போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. 'டங்' என்று கிளம்பி வரும். கிராங்க்கின் மேல் நேராக அடிக்காதீர்கள்.

உள்ளே என்ன பார்ப்பீர்கள் என்று இப்போதே சொல்கிறேன். பொறிக்கான மின்சாரம் தரும் காயில் இரண்டு, இரண்டிலும் மேலே பூசிய பிளாஸ்டிக் விரிசல் விட்டு, கறுப்பாகப் பிளந்திருக்கும். 1950-களில் இருந்து ஜான்சன், எவின்ரூட் இரண்டு பெயரிலும் வந்த சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் இதே மேக்னெட்டோதான் (காந்தத்தால் பொறி உண்டாக்கும் அமைப்பு), இதே வியாதிதான். அவை 1930-களிலேயே ஒரே நிறுவனத்துக்குள் வந்துவிட்டன. அதனால் பாகம் தேடும்போது எவின்ரூட் ஃபிஷர்மேன் 5.5-க்கானதையும் சேர்த்துத் தேடுங்கள், உள்ளே ஒன்றேதான்.

கயிற்றிழுப்பு

ஒரே தட்டில் வந்துவிட்டது! காயில் இரண்டும் நீங்கள் சொன்னதுபோலவே வெடித்திருக்கிறது. ஒன்றில் விரல் நகம் நுழைகிற அளவு பிளவு. பாயின்ட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) முகத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. காயில், பாயின்ட், கண்டன்ஸர் மூன்றும் வரவழைக்கிறேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மேக்னெட்டோ_முனி

நாலு விஷயம், முக்கியமான வரிசையில் அல்ல, நினைவுக்கு வருகிற வரிசையில்.

காயிலின் இரும்புக் கால்கள் தட்டில் உள்ள கடைந்த மேடுகளின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். விரலால் தடவினால் படி தட்டுப்படக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிளைவீல் காந்தம் உரசும், உள்ளே போய்விட்டால் கரன்ட் பலவீனமாகும்.

பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். கேமின் (பாயின்ட்டைத் திறக்கும் மேடு) உச்சியில் பாயின்ட் கால் நிற்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். அந்த கேமைக் கழற்றினீர்களானால் ஒரு பக்கத்தில் 'டாப்' என்று பொறித்திருக்கும், அது மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் டைமிங் போய்விடும், எல்லாம் புதிதாக இருந்தும் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மண்டை காயும்.

புதுப் பாயின்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை நடுவில் விட்டு இழுங்கள். காகிதம் வெள்ளையாகவே வெளியே வரும்வரை.

பிளக் வயர் செம்பு இழை வைத்ததாக இருக்கட்டும். இப்போதைய கார்களில் வரும் கார்பன் வயர் இதற்கு ஆகாது. காயிலுக்குள் ஒரு ஊசி இருக்கும், வயர் அதில் குத்தி உட்கார வேண்டும், கார்பன் அதில் நிற்காது. பிளக் இடைவெளி 0.030 அங்குலம். மாட்டி முடித்ததும், கால் அங்குலம் இடைவெளியைத் தாண்டி நீலப் பொறி பாய்கிறதா என்று பாருங்கள். பாய்ந்தால் கரன்ட் வேலை முடிந்தது.

இரண்டு_ஸ்ட்ரோக்

கரன்ட் வந்துவிடும், விடுங்கள். உங்களுக்கு உண்மையான தலைவலி அந்த டேங்க்தான். இப்போதைய மோட்டார்போல இதில் பெட்ரோல் பம்பு கிடையாது. கிராங்க் அறையில் உண்டாகும் காற்றழுத்தம் ஒரு குழாய் வழியே டேங்க்குக்குப் போய், அந்த அழுத்தம் பெட்ரோலை இன்னொரு குழாய் வழியே மேலே தள்ளுகிறது. மூடியின் கேஸ்கெட் எங்காவது மூச்சு விட்டால் இன்ஜின் பட்டினி. அழுத்தத்தில் நிற்கிற பெட்ரோல் டேங்க்கைப் படகில் காலடியில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பம்பு வைத்து ஒற்றைக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அழுத்தக் குழாயை அப்படியே பம்புக்குக் கொடுத்தால் பம்பு வேலை செய்யாது. டயாஃப்ரம் (பம்புக்குள் உள்ள மெல்லிய தகடு) முன்னும் பின்னும் அசைய வேண்டும், அதற்கு ஏறி இறங்குகிற துடிப்பு தேவை. உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு ஏறுவதை மட்டும்தான் வெளியே விடும். அதை எடுத்துவிட்டு, இரண்டு சிலிண்டரில் ஒன்றின் துளையை அடைக்க வேண்டும். இரண்டையும் திறந்து வைத்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், துடிப்பு ஒன்றையொன்று தின்றுவிடும்.

பழைய_டேங்க்

ஏன் சார் மாற்றணும்? என் டேங்க் புது மூடி கேஸ்கெட், புது டயாஃப்ரம், குழாய் முனைக்குப் புது ஓ-ரிங் போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1956 மோட்டாரில் பம்பைத் தொங்கவிட்டால் அது 1956 மோட்டாரே இல்லை. மூடியைத் திறப்பதற்கு முன் அழுத்தத்தை வெளியே விடணும், ஓட்டி முடித்ததும் குழாயைக் கழற்றிடணும். இந்த இரண்டு பழக்கமும் இருந்தால் பயம் ஒன்றும் இல்லை.

இரண்டு_ஸ்ட்ரோக்

பழக்கம் இருக்கிற உங்களுக்குச் சரி. அடுத்தவர் கையில் படகைக் கொடுக்கும்போது பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியாதே.

துடுப்பே_துணை

டேங்க் எதுவானாலும், கார்பரேட்டர் மிதவையைப் பாருங்கள். கார்க் மிதவை, மேலே அரக்கு வார்னிஷ் பூசியது. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த வார்னிஷைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்பரேட்டர் நிரம்பி வழியும். புது மிதவை கிடைக்காவிட்டால் பழையதை நன்றாக உலரவைத்து, சூப்பர் குளூவை மெல்லிசாக மேலே பூசிக் காயவிடுங்கள், தாங்கும். இரண்டு ஊசித் திருகையும் மெதுவாக அடி வரை மூடிவிட்டு, வேகமானதை முக்கால் சுற்று, மெதுவானதை ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். ஓடும்போது காதால் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அடியில் இறுக்கி நெரிக்காதீர்கள், ஊசி நுனியில் வளையம் விழுந்துவிட்டால் பிறகு சரிப்படுத்தவே முடியாது.

கயிற்றிழுப்பு

எல்லாம் மாட்டியாச்சு. பொறி நீலமாக வருகிறது. டேங்க்கைக் கேஸ்கெட் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டேன், பம்பு யோசனை மனதில் இருக்கிறது. பெட்ரோலில் கலக்கும் ஆயில் எந்தக் கணக்கு? ஒருத்தர் 50-க்கு 1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் போதும் என்கிறார்.

மேக்னெட்டோ_முனி

24-க்கு 1. லிட்டருக்கு 42 மில்லி. இந்தக் கிராங்க்கில் உருளை பேரிங் எல்லா இடத்திலும் இல்லை, புஷ் (வெறும் உலோக வளையம்) இருக்கிறது. அது ஆயில் படலத்தின்மேல்தான் மிதக்கிறது. 50-க்கு 1 என்பது 1964 மாடல்களில் இருந்து வந்த கணக்கு. அதற்கு முந்தையதில் அப்படி ஊற்றாதீர்கள். ஆயில் டிசி-டபிள்யூ3 (படகு மோட்டார் ஆயிலுக்கான தரம்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். பைக் ஆயில் வேண்டாம், தண்ணீரால் குளிர்கிற இன்ஜினுக்கு அது ஏற்றதல்ல.

இரண்டு_ஸ்ட்ரோக்

இப்போதைய ஆயில் 1956 ஆயிலைவிடப் பல மடங்கு நல்லது. 50-க்கு 1 விட்டே பழைய மோட்டாரை ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

மேக்னெட்டோ_முனி

ஓட்டுவார்கள். ஓடும்வரைக்கும். ஆயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அளவு குறைந்தால் படலம் குறையும். அதிகமானால் கொஞ்சம் புகை, பிளக் சீக்கிரம் அழுக்காகும், அவ்வளவுதான். குறைந்தால் கிராங்க். எந்தத் தப்பைச் செய்ய விருப்பம் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

நெறியாளர்

ஆயில் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, நீளமாகவே இருக்கிறது. இங்கே மோட்டாரைப் பற்றிப் பேசுங்கள்.

கயிற்றிழுப்பு

பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, திறந்தவெளியில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது இழுப்புக்கே கத்திக்கொண்டு எழுந்துவிட்டது! மெதுவான ஓட்டத்தில் சாந்தமாக நிற்கிறது. சிக்கல் இனிமேல்தான். கொஞ்ச நேரம் சூடாகவிட்டு வேகத்தைக் கூட்டினால் ஒரு சிலிண்டர் படுத்துவிடுகிறது. சத்தம் கரகரவென்று மாறி, உடம்பு நடுங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் சிறிது நேரத்தில் திரும்பி வருகிறது. தண்ணீர் பீய்ச்சவும் இல்லை, அது வேறு பயம்.

பழைய_டேங்க்

டேங்க் மூடிதான். வேகத்தில் அழுத்தம் போதவில்லை. எனக்கும் இதே மாதிரிதான் ஆனது.

புதியவன்77

காயில் சூடானதும் செத்துப்போகிறது. புதுக் காயிலும் சில நேரம் அப்படித்தான் வருது. இன்னொன்று வாங்கிப் போடுங்க.

மேக்னெட்டோ_முனி

எதையும் வாங்காதீர்கள். முதலில் தண்ணீர்: இந்தக் கால மோட்டார்களில் பக்கவாட்டில் ஓடையாகப் பீய்ச்சும் துளை கிடையாது. காலின் (மோட்டாரின் கீழ்ப்பகுதி) பின்புறம் உள்ள துளையில் புகையோடு சேர்ந்து சாரலாகத் தெறிக்கும், அதைத் தேடுங்கள். பிறகு மற்றது.

இது பெட்ரோலா கரன்ட்டா என்று இரண்டே சோதனையில் பிரிக்கலாம். ஒன்று, சிலிண்டர் படுத்த உடனே டேங்க் மேல் உள்ள பிரைமரை (பெட்ரோலைக் கையால் தள்ளும் பொத்தான்) அழுத்துங்கள். பெட்ரோல் போதாமல் இருந்தால் அழுத்தும்போது உயிர் வரும். இரண்டு, படுத்த நிலையிலேயே சட்டென்று நிறுத்திவிட்டு பிளக் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். ஒரே கார்பரேட்டர்தான் இரண்டுக்கும். ஒன்று ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருந்தால், ஈரமானதற்குப் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை.

கயிற்றிழுப்பு

தண்ணீர் விஷயம்: பின்புறம் ஒரு பொட்டுச் சாரல்கூட இல்லை. கை வைத்தால் சிலிண்டர் தலை சுடுகிறது. உடனே நிறுத்திவிட்டேன்.

பிரைமர் அழுத்தினேன், ஒரு மாற்றமும் இல்லை. மேல் பிளக் ஈரம், சொட்டுகிற அளவுக்கு. கீழ் பிளக் காய்ந்து, பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கிறது.

துடுப்பே_துணை

அப்படியானால் தண்ணீரைச் சரி செய்யும்வரை ஓட்டவே வேண்டாம். கீழ்க் காலை இறக்கி இம்பெல்லரை (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) பாருங்கள். ரப்பர் இறகுகள் பல வருஷம் ஒரே இடத்தில் வளைந்து நின்று அப்படியே கெட்டியாகிவிடும். கியர் கம்பியின் இணைப்பைக் கழற்றிய பிறகே காலை இழுங்கள். புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்ட்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே மூடியை இறக்குங்கள், இறகுகள் சரியான பக்கம் மடியும்.

திரும்ப மாட்டும்போதுதான் கவனம். மேலே இருந்து வரும் செப்புத் தண்ணீர்க்குழாய், பம்பு மூடியில் உள்ள ரப்பர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம். அரை அங்குலம் தள்ளி நின்றாலும் போல்ட் இறுகிவிடும், ஆனால் தண்ணீர் மேலே போகாது. டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம், டிரைவ் ஷாஃப்ட்டின் பற்களின் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ், நுனியில் வேண்டாம். நுனியில் வைத்தால் கிரீஸ் குழிக்குள் சிக்கி, ஷாஃப்ட் முழுக்க ஏறாமல் தடுக்கும்.

இன்னொன்று, பின்னால் வந்த ஜான்சன், எவின்ரூட் கியர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: ஆயில் வடிக்கும் திருகு ஒற்றைக் கோடு போட்டது. அதன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத் தலைத் திருகு கியர் மாற்றும் கவையின் அச்சு. அதைக் கழற்றினால் கவை உள்ளே விழுந்துவிடும், பெட்டியை முழுக்கத் திறந்தால்தான் மீட்க முடியும்.

கயிற்றிழுப்பு

இம்பெல்லரில் மூன்று இறகு ஒடிந்து கிடந்தது. துண்டுகளையும் பம்பிலிருந்து தேடி எடுத்துவிட்டேன். புதிது போட்டதும் பின்துளையில் சாரல் தெறிக்கிறது, தலை கை வைக்கும் சூட்டில் நிற்கிறது. மேல் சிலிண்டர் மட்டும் பழைய கதைதான்.

மேக்னெட்டோ_முனி

இப்போது இரண்டு காயிலையும் இடம் மாற்றுங்கள். வேறு எதையும் தொடாமல். கோளாறு கீழே இறங்கினால் காயில். மேலேயே நின்றால் காயில் அல்ல. பிறகு கண்டன்ஸரை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று.

கயிற்றிழுப்பு

காயில் மாற்றினேன்: கோளாறு மேலேயேதான். கண்டன்ஸர் மாற்றினேன்: அப்போதும் மேலேயேதான். பாயின்ட் இடைவெளியும் சரியாகவே இருக்கிறது. வயர் மட்டும் அந்தந்த இடத்திலேயே விட்டேன்.

மேக்னெட்டோ_முனி

சரி, அப்போது இது சூட்டால் வருகிறதா, வேகத்தால் வருகிறதா? நீங்கள் எப்போதும் சூடாக்கிவிட்டுத்தான் வேகம் கூட்டுகிறீர்கள். அதனால் இரண்டும் சேர்ந்தே வருகிறது. ஸ்டார்ட் செய்து சில விநாடியிலேயே, குளிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கயிற்றிழுப்பு

குளிர்ந்திருக்கும்போதும் படுக்கிறது! நெம்புகோல் முக்கால்வாசியைத் தாண்டும் இடத்தில்.

மேக்னெட்டோ_முனி

அப்படியானால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேகக் கைப்பிடியைத் தள்ளும்போது என்ன அசைகிறது? கார்பரேட்டர் மட்டும் அல்ல. மேக்னெட்டோ தட்டு முழுவதும் சுழல்கிறது, காயில், பாயின்ட் எல்லாம் சேர்ந்து. பிளக் வயரும் கூடவே இழுபடுகிறது. இருட்டில் ஓட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பிடியை மெதுவாகத் தள்ளிக்கொண்டே தட்டுக்கு அடியில் பாருங்கள்.

கயிற்றிழுப்பு

முனி சார், கண்ணால் பார்த்தேன். தட்டுக்கு அடியில், வயர் வளைந்து வெளியே வரும் இடத்தில், நெம்புகோல் முக்கால்வாசிக்கு வந்ததும் 'டிக் டிக்' என்று ஊசி மாதிரி நீலப் பொறி இன்ஜின் உடம்புக்குப் பாய்கிறது. குறைத்தால் மறைகிறது. கழற்றிப் பார்த்தால் வயரின் மேலுறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு, உள்ளே செம்பு பளபளக்கிறது. தட்டு திரும்பும்போது அந்த இடம் ஒரு போல்ட் தலையில் போய் உரசுகிறது.

புது வயரைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, பழைய கிளிப்புக்குள் விட்டு, தட்டை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி எங்கேயும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பிளைவீலைப் போட்டேன். முழு வேகத்திலும் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே பாடுகின்றன.

புதியவன்77

அடேங்கப்பா. நான் சொன்ன மாதிரி காயில் வாங்கியிருந்தால் வீணாகியிருக்கும்.

இரண்டு_ஸ்ட்ரோக்

முனி சாருக்கு ஒரு சல்யூட். ஆனால் டேங்க் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

கயிற்றிழுப்பு

அடுத்து பெயின்ட். மேல்மூடியை முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா? பழைய எழுத்தைப் போலவே தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர் கிடைக்கிறது.

பழைய_டேங்க்

தொடாதீர்கள். மங்கியிருந்தாலும் அது தொழிற்சாலையில் அடித்த பெயின்ட். ஒரு முறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. மென்மையான பாலிஷ் போட்டு, மெழுகு தேய்த்தால் போதும்.

துடுப்பே_துணை

நான் மாற்றுக் கட்சி. வெறும் அலுமினியம் வெளியே தெரிகிற இடத்தில் அரிப்பு பிடிக்கும், அதுவும் உப்புத் தண்ணீரில் ஓட்டினால். அடிப்பதென்றால் அலுமினியத்துக்கான அரிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) முதலில், இல்லாவிட்டால் பெயின்ட் தகடு தகடாக உரியும். நடுவழி வேண்டுமானால், மூடியை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் காலுக்கு மட்டும் பெயின்ட்.

கயிற்றிழுப்பு

நடுவழிதான். காலுக்கு மட்டும் அடிக்கிறேன்.

சீகல்_சித்தன்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், தலைப்புக்குப் பக்கத்து விஷயம்தான். பிரிட்டிஷ் சீகல் என்ற பழைய படகு மோட்டார் ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கியர் ஆயில் வெள்ளையாகிவிடுகிறது. சீல் மாற்ற வேண்டுமா?

மேக்னெட்டோ_முனி

சீகலில் புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் இப்போதைய ரப்பர் சீல் மாதிரி ஒன்று பெரும்பாலான மாடல்களில் இல்லவே இல்லை. தண்ணீர் கொஞ்சம் நுழையும், எஸ்ஏஇ 140 ஆயிலோடு கலந்து வெளுக்கும், அது அதன் இயல்பு. அடிக்கடி வடித்துப் புதிது ஊற்றுங்கள். ஜான்சனில் இதே வெளுப்பைப் பார்த்தால்தான் சீலைச் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோலில் ஆயில் கணக்கும் பழைய சீகலுக்கு வேறு, 10-க்கு 1. புகையும், பரவாயில்லை. மாடல் எண்ணைப் போட்டுத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.